எழுபது ரூபாய் மொய்

மான்செஸ்டர் யுனைடெட் ரசிகப் பெருமக்களுக்கு,

வணக்கம். இதை எழுதுகிறவன் லிவர்பூல்காரன். பாதியில் கண்டுபிடித்துத் திட்டுவதற்குப் பதிலாக இப்போதே திட்டிவிட்டு மேலே படிக்கலாம். விஷயமும் நீங்கள் நினைக்கிற அதேதான். 2023 மார்ச் 5, எங்கள் மைதானமான ஆன்ஃபீல்டில் நடந்த கால்பந்தாட்டம், எங்களுக்கு ஏழு, உங்களுக்குப் பூஜ்யம். கிண்டல் செய்வதற்காக எழுதவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கொஞ்சம் கிண்டல் இருக்கும். ஆனால் அதற்கு மட்டும் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதில்லை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நம் ஊர் நேரத்துக்கு இரவு பத்து மணிக்கு ஆட்டம். மறுநாள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்பதால் டிவியின் சத்தத்தைக் கிட்டத்தட்ட அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அடிவயிற்றில் பயம். இரண்டு வாரத்துக்கு முன்புதான் அதே ஆன்ஃபீல்டில் ரியல் மாட்ரிட்டிடம் இரண்டு கோல் முன்னிலையில் இருந்துவிட்டு ஐந்து வாங்கியிருந்தோம். நீங்களோ சரியாக ஒரு வாரத்துக்கு முன்னால் வெம்பிளியில் நியூகாசிலை வென்று லீக் கோப்பையைத் தூக்கியவர்கள், ஆறு வருடத்துக்குப் பிறகு வந்த முதல் கோப்பை. பார்சிலோனாவை யூரோப்பா லீக்கிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தீர்கள். டேபிளில் மூன்றாம் இடம். ராஷ்ஃபோர்ட் தொட்டதெல்லாம் கோல்.

என் மச்சினன் உங்கள் ஆள். மனைவியின் தம்பி. சாயங்காலமே போன் போட்டு, "மாமா, இன்னைக்கு எத்தனைன்னு நீங்களே சொல்லிடுங்க" என்றான். "பார்த்துப் பண்ணுங்கப்பா" என்றுதான் நான் சொன்னேன்.

முதல் 42 நிமிடம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஏழு கோல் ஆட்டமே இல்லை. புரூனோ ஃபெர்னாண்டஸ் தலையால் முட்டியது கம்பத்தை ஒட்டி வெளியே போனது. காசிமிரோ வலைக்குள்ளேயே போட்டுவிட்டார், ஆஃப்சைடு என்பதால் தப்பித்தோம். அந்த இரண்டில் ஒன்று உள்ளே போயிருந்தால் நான் இந்த மடலை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், நீங்கள் எனக்கு எழுதியிருப்பீர்கள். அப்புறம் 43-வது நிமிடம். ராபர்ட்சன் ஒரு பந்தை உங்கள் தடுப்பு வரிசைக்கு நடுவே நூல் கோக்கிற மாதிரி அனுப்பினார். காக்போ உள்ளே வெட்டிக்கொண்டு வந்து மூலையில் போட்டார். அதே காக்போவை அன்றைய உங்கள் பயிற்சியாளர் டென் ஹாக்கும் வாங்க நினைத்தார், ஜனவரியில் நாங்கள் முந்திக்கொண்டோம் என்பதை அன்றைக்கு எங்கள் வர்ணனையாளர்கள் சொல்லி மாளவில்லை.

இடைவேளைக்குப் பிறகு நடந்ததைத்தான் இன்றைக்கும் என்னால் முழுசாகப் புரிந்துகொள்ள முடியவில்லை. 47-ல் நூன்யெஸ். 50-ல் மறுபடி காக்போ. அந்த மூன்றாவது கோலில் சலா வலது ஓரத்தில் லிசாண்ட்ரோ மார்ட்டினஸைத் திருப்பிய திருப்பில் அவர் தரையில் விழுந்தார். உலகக் கோப்பையை வென்று மூன்று மாதம்கூட ஆகாத மனிதர். அதுவரை கத்தாமல் இருந்தவன் அங்கேதான் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தேன். 66-ல் சலா, 75-ல் நூன்யெஸ், 83-ல் மறுபடி சலா. கடைசிக் கோல்தான் எனக்குப் பிடித்தது. ஃபிர்மினோ கிளப்பை விட்டுப் போகப்போகிறார் என்ற செய்தி இரண்டு நாளுக்கு முன்புதான் வந்திருந்தது. மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்தவர் சலாவுக்கு ஒன்று எடுத்துக்கொடுத்தார், 88-ல் சலா அவருக்கு ஒன்று எடுத்துக்கொடுத்தார். வீட்டை விட்டுக் கிளம்புகிற பிள்ளைக்குக் கைச்செலவுக்குக் கொடுத்து அனுப்புவதுபோல. உங்கள் கோல்கீப்பர் டே ஹேயா குனிந்து பந்தை எடுத்துக்கொண்டே இருந்தார். எனக்கே பாவமாக இருந்தது. அரை நிமிடம் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது கோலுக்கு மச்சினனுக்கு போன் அடித்தேன், எடுத்தான், பேசவில்லை. ஐந்தாவதுக்கு ஸ்விட்ச் ஆஃப்.

கணக்குப்பிள்ளைகளுக்காக ஒன்றிரண்டு விவரம். சலாவின் இரண்டாவது கோல் பிரீமியர் லீக்கில் லிவர்பூலுக்காக அவர் போட்ட 129-வது. ராபி ஃபௌலரின் 128 அதோடு முடிந்தது. உங்கள் அணி இப்படி ஏழு கோல் வித்தியாசத்தில் தோற்றது அதற்கு முன் 1931-ல், உல்வர்ஹாம்ப்டனிடம். உங்களை நாங்கள் இதற்கு நெருக்கமாக அடித்தது 1895 அக்டோபரில், 7-1. அப்போது உங்கள் பெயரே வேறு, நியூட்டன் ஹீத். வெள்ளைக்காரத் துரையிடம் நம் கொள்ளுத் தாத்தாக்கள் தோட்டவேலை பார்த்துக்கொண்டிருந்த காலம். இரண்டு சண்டைக்கும் நாம் வெகுதூரம். இருந்தும் இந்த ஏழு எனக்கு என் சொந்த ஏழு மாதிரி இருக்கிறது, என்ன செய்ய.

இப்போது மொய்க்கு வருகிறேன்.

அந்த வருடமே ஆவணியில் மச்சினனுக்குக் கல்யாணம். முறைப்படி செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம், மோதிரமும் போட்டோம். அதற்கு மேல் எனக்கு ஓர் ஆசை. ஒரு கவரில் எழுபது ரூபாய் வைத்து, மேலே ஒட்டி, மொய் எழுதுகிற இடத்தில் கொடுத்துவிட்டேன். ஏழும் பூஜ்யமும். அவனுக்கு மட்டும் புரியட்டும் என்று நினைத்தேன். மொய் எழுதினவர் கடமை தவறாதவர். கவரைப் பிரித்து எண்ணி, மைக்கில், "மாப்பிள்ளையின் அக்கா வீட்டுக்காரர், எழுபது ரூபாய்" என்று அறிவித்துவிட்டார். பந்தியில் பாதிப் பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். பெண் வீட்டார் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் உறைக்கிறது. மணமேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த மச்சினன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அழுகிறான் என்று அவன் மாமியார் நினைத்துக்கொண்டார். என் மனைவி மூன்று நாள் பேசவில்லை. நான்காவது நாள் கேட்டது ஒரே கேள்வி: "அந்த வருசம் டேபிள்ல யாரு மேல?"

அங்கேதான் அடி.

அந்த ஞாயிறு இரவு உங்களுக்கு ஏழரை பிடித்துவிட்டது என்று நாங்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோம். பிடித்தது எங்களை. ஆறே நாளில் போர்ன்மவுத் போய் 1-0 என்று தோற்றோம், சலா பெனால்டியை வெளியே அடித்தார். அதே போர்ன்மவுத்தை அதே சீசனில் ஆகஸ்ட் மாதம் ஒன்பது கோல் போட்டு அனுப்பியவர்கள் நாங்கள். அடுத்த வாரம் மாட்ரிட்டில் இன்னொரு தோல்வி, சாம்பியன்ஸ் லீக் முடிந்தது. நீங்கள்? டென் ஹாக் அந்த ஆட்டத்தைத் தொழில் தெரியாதவர்களின் ஆட்டம் என்கிற மாதிரி வெளுத்து வாங்கினார். வாங்கிவிட்டு, நான்கு நாள் கழித்து ரியல் பெட்டிஸுக்கு எதிராக அதே பதினொரு பேரை இறக்கினார். 4-1. தோற்ற பிள்ளைகளையே மறுநாள் காலை மறுபடி தண்ணீர் இறைக்க அனுப்புகிற பழைய காலத்து அப்பா மாதிரி. எனக்கு அந்த மனிதரை அன்றைக்குப் பிடித்துப்போனது, உங்களில் பலருக்குப் பின்னாளில் பிடிக்காமல் போனாலும். சீசன் முடிவில் நீங்கள் 75 பாயிண்ட்டோடு மூன்றாவது, நாங்கள் 67-ஓடு ஐந்தாவது. ஏழு கோலுக்குக் கொடுத்தது மூன்றே பாயிண்ட்தான். ஒரு கோலுக்கும் அதேதான்.

இது எங்களுக்குப் புதிதும் இல்லை. 2009 மார்ச்சில் உங்கள் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் உங்களை 4-1 என்று சாய்த்தோம், உங்கள் விடிச் சிவப்பு அட்டை வாங்கினார், எங்கள் தடுப்பாட்டக்காரர் டாசேனாகூட கோல் போட்டார். அந்த வருடப் பிரீமியர் லீக் பட்டம்? உங்களுக்கு. 2021 அக்டோபரில் உங்கள் வீட்டிலேயே 5-0, முதல் ஐம்பது நிமிடத்துக்குள். அந்த வருடக் கோப்பையை ஒரே பாயிண்ட்டில் மான்செஸ்டர் சிட்டி கொண்டுபோனது. உங்களை அடிக்கிற அன்றைக்கு மட்டும் எங்களுக்கு என்னவோ ஆகிவிடுகிறது. அடித்துவிட்டால் அந்த வருடத்து வேலை முடிந்தது என்கிற மாதிரி உட்கார்ந்துவிடுகிறோம். அந்த ஏழு கோல் எங்கள் நடுக்களத்தின் வயதை மறைத்துவிட்டது. ஹென்டர்சனும் ஃபபினியோவும் அன்றைக்கு ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினோம். அந்தக் கோடையிலேயே இருவரும் சவூதிக்குப் போனார்கள், நடுக்களத்தையே பிரித்து மேய வேண்டியதாயிற்று.

இவ்வளவு பகை எதற்கு என்று கேட்கிற புது ஆட்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு ஊருக்கும் நடுவே ஐம்பது, ஐம்பத்தைந்து கிலோமீட்டர்தான், மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் கொஞ்சம் குறைவு அல்லது அதே தூரம். லிவர்பூல் துறைமுகத்துக்குக் கட்டணம் கட்டிக் கட்டி அலுத்துப்போன மான்செஸ்டர் வியாபாரிகள் கடலிலிருந்து தங்கள் ஊர் வரைக்கும் கப்பல் கால்வாய் வெட்டிக்கொண்டார்கள். திறந்தது 1894. எங்கள் துறைமுகக்காரர்களுக்கு அது எப்படி எரிந்திருக்கும்! அதே 1894 ஏப்ரலில்தான் இரு அணிகளும் முதன்முதலில் மோதின. இரண்டாம் டிவிஷனில் முதலில் வந்த லிவர்பூல், முதல் டிவிஷனில் கடைசியில் வந்த நியூட்டன் ஹீத். 2-0, நாங்கள் முதல் டிவிஷனுக்கு மேலே, நீங்கள் இரண்டாம் டிவிஷனுக்குக் கீழே. பங்காளிச் சண்டைக்கு வாய்க்கால் தகராறு ஒன்று வேண்டாமா, இங்கே அது நிஜமான வாய்க்கால்.

பங்காளி என்றுதான் சொல்ல வேண்டும். உங்கள் மாட் பஸ்பி எங்கள் சட்டையில் ஆடியவர், எங்கள் கேப்டனாக இருந்தவர். இங்கேயே பயிற்சியாளராக இருந்திருக்கலாம், 1945-ல் உங்களிடம் வந்தார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கு மனப்பாடம்.

இங்கே ஒன்றைக் கொட்டிவிட வேண்டும். அந்த 2021-ஆம் வருட ஐந்து கோலுக்குப் பிறகு நான் மச்சினனுக்கு போனில் ஒரு விமானப் பொம்மையை, அதாவது எமோஜியை, அனுப்பினேன். எல்லோரும் போடுகிறார்களே என்று போட்டதுதான், யோசிக்கவில்லை. இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் மட்டும் வந்தது, டங்கன் எட்வர்ட்ஸ். 1958 பிப்ரவரி 6, மியூனிக். பனி பிடித்த ஓடுபாதையில் உங்கள் அணி ஏறிய விமானம் எழும்பாமல் மோதி 23 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் ஆட்டக்காரர்கள். டங்கன் எட்வர்ட்ஸ் மட்டும் பதினைந்து நாள் மருத்துவமனையில் போராடிவிட்டுப் போனார். வயது 21. நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மாமா" என்றான். பரவாயில்லை என்று அவன் குரல் சொல்லவில்லை.

எங்களுக்கு ஹில்ஸ்பரோ மைதானம். 1989 ஏப்ரல் 15, ஆட்டம் பார்க்கப் போன 97 பேர் நெரிசலில் போய்ச் சேர்ந்தார்கள். செத்தவர்கள் மேலேயே பழியும் போட்டார்கள். அது பொய் என்று நிலைநாட்ட அந்தக் குடும்பங்கள் கால் நூற்றாண்டுக்கு மேல் போராடின. அதை வைத்துப் பாடுகிறவர்கள் உங்கள் பக்கம் உண்டு, மியூனிக்கை வைத்துப் பாடுகிறவர்கள் எங்கள் பக்கம் உண்டு. அந்த ஏழு கோல் ஆட்டத்துக்கு முதல் நாள் எங்கள் அன்றைய பயிற்சியாளர் கிளாப்பும் டென் ஹாக்கும் சேர்ந்தே வேண்டிக்கொண்டார்கள், சாவை வைத்துப் பாடாதீர்கள் என்று. மறுநாள் ஒருவர் ஏழு போடுவார், ஒருவர் ஏழு வாங்குவார் என்று இருவருக்கும் தெரியாது. அதற்கும் ஒரு வருடம் முன்பு, 2022 ஏப்ரலில், ரொனால்டோவின் பச்சைக்குழந்தை இறந்த மறுநாள் நீங்கள் ஆன்ஃபீல்டுக்கு வந்தீர்கள், அவர் இல்லாமல். அவர் சட்டை எண் ஏழு என்பதால் ஏழாவது நிமிடத்தில் மைதானம் முழுக்கக் கைதட்டியது, எங்கள் ஆட்கள் எங்கள் பாட்டையே பாடினார்கள். 4-0 என்று முடிந்த ஆட்டம். கோல்கள் எனக்கு மங்கிவிட்டன, அந்த ஒரு நிமிடம் மங்கவில்லை. விமானப் பொம்மை அனுப்புகிற தம்பிமார் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் பக்கத்துத் தம்பிகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, என் உண்மையான குறைக்கு வருகிறேன். எங்கள் குறை எங்கள் அணி மேல் இல்லை, உங்கள் மேல்.

2024 செப்டம்பர் 1, ஓல்ட் டிராஃபோர்ட். எங்களுக்குப் பயிற்சியாளராக ஸ்லாட் வந்த புதிது. டியாஸ் இரண்டு, சலா ஒன்று, 3-0. என் வாழ்க்கையில் உங்கள் மைதானத்தில் பார்த்த மிகச் சுலபமான வெற்றிகளில் ஒன்று. ஆட்டம் முடிந்ததும் எழுந்துபோய் துணி மடித்தேன். மச்சினனுக்கு போன் செய்யவே தோன்றவில்லை. வாடிவாசலில் கால்நீட்டிப் படுத்துக்கிடக்கிற மாட்டின் திமிலைப் பிடித்துவிட்டு, நானும் பிடித்தேன் என்று எப்படிச் சொல்வது? அந்த வருடம் நாங்கள் லீக் பட்டத்தை வென்றோம், இருபதாவது. உங்கள் இருபதைத் தொட்டுவிட்டோம். முப்பது வருடம் காத்திருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்களைக் காக்கவைத்தவர்களே நீங்கள்தான். ஆனால் நாங்கள் உங்களைத் தொட்ட அதே வருடம் நீங்கள் எங்கே? பதினைந்தாவது இடம், 42 பாயிண்ட். யாரைப் பார்த்து நாங்கள் கொக்கரிப்பது? முதல் வகுப்பில் தேறிவிட்டு ஓடிப்போய்ச் சொல்லப் பார்த்தால், எதிர்வீட்டுக்காரன் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது.

நடுநடுவே பொறி பறந்தது, மறுக்கவில்லை. 2024 மார்ச்சில் எஃப்ஏ கோப்பைக் காலிறுதியில் கூடுதல் நேரத்தின் கடைசி மூச்சில் அமத் டியாலோ போட்ட நான்காவது கோலை நான் மன்னிக்கத் தயாரில்லை. சட்டையைக் கழற்றிச் சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டு சிரித்தபடியே போனார் பாருங்கள், அந்தச் சிரிப்பு. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் தூக்கமின்மைதான் எனக்கு உங்களிடமிருந்து வேண்டும். மார்ச் 5-ன் அந்த ஏழு இனித்ததே, நீங்கள் கோப்பையோடு நெஞ்சை நிமிர்த்தி வந்ததால்தான்.

2025 அக்டோபர் 19. மறுநாள் தீபாவளி. மாமியார் வீட்டில் இருந்தோம், மச்சினனும் குடும்பத்தோடு வந்திருந்தான். இரவு ஒன்பது மணிக்கு ஆட்டம், உள்ளே அதிரசம் வெந்துகொண்டிருந்தது. ஒரே சோபாவில் அவன் ஒரு முனை, நான் ஒரு முனை. நாங்கள் உட்கார்ந்து குஷனைச் சரிசெய்வதற்குள், இரண்டாவது நிமிடம், உங்கள் எம்பியூமோ கோல் போட்டார். அப்புறம் காக்போ கம்பத்தில் அடித்தார், மறுபடி கம்பத்தில் அடித்தார், அதற்கும் மறுபடி கம்பத்தில் அடித்தார். அந்த ஏழில் முதல் கோல் போட்ட அதே கால். 78-ல் ஒருவழியாகப் போட்டார், நான் எழுந்து நின்றேன், எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். ஆறு நிமிடம்தான். புரூனோ தூக்கிக் கொடுத்தார், மகுவாயர் தலையால் முட்டினார், 2-1. ஆன்ஃபீல்டில் 2016 ஜனவரிக்குப் பிறகு உங்களுடைய முதல் வெற்றி. வெளியே தெருவில் யாரோ சரவெடியைக் கொளுத்தினார்கள். "எங்களுக்குத்தான் மாமா வெடிக்கிறாங்க" என்றான்.

நான் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அப்படி ஒரு கோபம். பல வருடம் கழித்து வந்த பழைய கோபம்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் ஜிபேயில் பணம் வந்திருந்தது, இருபத்தொரு ரூபாய். குறிப்பு எழுதுகிற இடத்தில் "மொய்" என்று ஒரே வார்த்தை. நிமிர்ந்து பார்த்தேன். சோபாவின் அந்த முனையில் தலையைக் குனிந்துகொண்டு, கல்யாண மேடையில் குலுங்கின மாதிரியே குலுங்கிக்கொண்டிருந்தான்.

வாங்கின மொய்யைக் கூட்டித்தான் திருப்பிச் செய்ய வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எழுபதுக்கு இருபத்தொன்றுதான் வந்திருக்கிறது, மச்சினன் இன்னும் நாற்பத்தொன்பது ரூபாய் பாக்கி.

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் அக்கா வீட்டுக்காரர்